இளைத்த உடம்பும் இரண்டு பிள்ளை பெற்ற வயிறும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நம்ம மேடையில வழக்கமா என்ன பேசுவோம்? கடன் வாங்கி மாடு வாங்கினது, மாடு கன்னு போட்டது, பெட்டிக்கடை வெச்சது, பிள்ளையைக் காலேஜுல சேர்த்தது. அதெல்லாம் பேச வேண்டியதுதான். நானும் எட்டு வருஷமா குழுவுல இருக்கேன். குழுக் கடன்ல வாங்கின தையல் மெஷின் வீட்டுல ஓடுது. ஆனா நான் பேச வந்தது உடம்பைப் பத்தி. பொம்பளைங்க உடம்பைப் பத்தி மேடையில பேசலாமான்னு சில பேர் நினைக்கலாம். மேடைக்குக் கீழே தினமும் அதைத்தானே பேசுறாங்க. ஒருத்தி குண்டானாலும் பேச்சு, இளைச்சாலும் பேச்சு. அதை நாமே மேல ஏறி ஒழுங்காப் பேசிடலாம்னு வந்திருக்கேன்.

எனக்கு 34 வயசு. பத்தாவது வரைக்கும் படிச்சேன். பெரியவ பொண்ணு, ஏழாவது படிக்கிறா. சின்னவன் ரெண்டாவது. வீட்டுக்காரர் பெங்களூருல கட்டட வேலை. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை வருவார். வீட்டுல மாமியாரும் நானும் பிள்ளைங்களும்.

கல்யாணத்தப்ப என் எடை 44 கிலோ. சின்னவன் பொறந்து அஞ்சு வருஷம் கழிச்சு 72 கிலோ. என் உயரம் அஞ்சடி. எப்படி ஏறுச்சுன்னு கேட்டா, உங்களுக்கே தெரியும். கர்ப்பத்துல பத்துப் பன்னெண்டு கிலோ ஏறுறது எல்லாருக்கும் நடக்கிறதுதான். குழந்தை, தண்ணி, நஞ்சுக்கொடி, கூடுற ரத்தம் எல்லாம் அதுல சேர்த்தி. பிள்ளை பொறந்ததும் பாதி இறங்கும், மீதி உடம்புல தங்கும். அடுத்த பிள்ளைக்கு அதுக்கு மேல ஏறும். அப்புறம் பிள்ளை மிச்சம் வெச்ச சோறு வீணாப் போகக் கூடாதுன்னு அம்மா வாயில போகும். ராத்திரி பிள்ளை அழுதா தூக்கம் போகும். களை வெட்டின உடம்பு தையல் மெஷின்ல உட்கார்ந்தா அசைவு குறையும். இதுல சோம்பேறித்தனம் எங்க இருக்கு? வீட்டைப் பார்த்துக்கிட்ட உடம்பு அது.

அந்த 72 கிலோவுல ஊர் எனக்கு வெச்ச பேரு "டிரம்மு". பஸ்ஸுல ஏறினா சிரிப்பு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்கு வாய் இல்லாம இல்ல, அந்த நேரத்துல பஸ்ஸு போயிடும்.

ரெண்டு வருஷம் முன்னாடி மக்களைத் தேடி மருத்துவத்துல வேலை பார்க்கிற தங்கச்சி வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்தா. 150-க்கு 94 காட்டுச்சு. நாலு நாள் கழிச்சு மறுபடி பார்த்தா, அப்பவும் அதேதான். 140-க்கு 90 வந்துட்டாலே அதிகம். எனக்குத் தலைவலி கிடையாது, மயக்கம் கிடையாது. எந்த அறிகுறியும் இல்லாம உள்ளுக்குள்ளயே இருக்கிறதுதான் பிரஷரோட குணம்.

எனக்குக் கை கால் நடுங்கிடுச்சு. காரணம் இருக்கு. எங்க அம்மாவுக்கு 49 வயசுல பக்கவாதம் வந்துச்சு. ஒரு நாள் காலையில மாட்டைக் கட்டப் போனவங்க விழுந்தாங்க. வலது கை, வலது கால், பேச்சு மூணும் போச்சு. நாலு வருஷம் கட்டில்ல. அவங்களுக்குப் பிரஷர் இருந்துச்சான்னு அதுக்கு முன்னாடி யாரும் பார்த்ததே இல்ல. பார்க்க யாரும் வீட்டுக்கு வரவும் இல்ல. என் பொண்ணு எனக்கு மலம் மூத்திரம் அள்ளுற நிலைமை வரக் கூடாதுன்னு அன்னைக்கு நினைச்சேன். எடை குறைக்கணும்னு வந்தது அதுல இருந்துதான். அழகுக்காகக் குறைக்கிறதும் தப்பு இல்ல, அது அவங்கவங்க விருப்பம். என் காரணம் எங்க அம்மாவோட கட்டில்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். 1989-ல பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தோட உதவியில தமிழ்நாட்டுல முதல்ல மகளிர் குழு ஆரம்பிச்சது நம்ம தருமபுரி மாவட்டத்துலதான். 2021 ஆகஸ்ட் மாசம் மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சது கிருஷ்ணகிரி மாவட்டத்துல. 2004 வரைக்கும் அதுவும் தருமபுரிதான். அந்தத் திட்டத்துல வீடு வீடாப் போற பெண்கள் நம்மள மாதிரி குழுவுல இருந்து வந்தவங்க. சேமிப்புக்கு வழி காட்டின குழுவே பிரஷர் மெஷினையும் கொண்டுவந்து என் வீட்டு வாசல்ல வெச்சுச்சுன்னு நான் நினைச்சுக்குவேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் மாத்திரை எழுதினாங்க. உப்பைக் குறைக்கணும், எடை குறைக்கணும், நடக்கணும்னு சொன்னாங்க. இப்பவும் அந்த மாத்திரை சாப்பிடுறேன். எடை குறைஞ்சாச்சுன்னு நானா நிறுத்தல. டாக்டர் சொல்லாம யாரும் நிறுத்தாதீங்க. நல்லா இருக்குன்னு நிறுத்தினாத்தான் ஏறும்.

இனி எப்படிக் குறைச்சேன்னு சொல்றேன். குழுவுல வரவு செலவு எழுதிப் பழகின கை. அதனால சாப்பாட்டையும் ஒரு நோட்டுல எழுதினேன். நாளைக்கு நாலு டீ. ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. எட்டு ஸ்பூன். ஒரு ஸ்பூன் 5 கிராம்னா ஒரு நாளைக்கு 40 கிராம். மாசத்துக்கு 1,200 கிராம். வருஷத்துக்கு 14 கிலோவுக்கு மேல! ஒரு ஆள், டீயில மட்டும். கணக்குப் போட்டுட்டு நானே ரெண்டு தடவை சரி பார்த்தேன். இப்ப ரெண்டு டீ, அரை அரை ஸ்பூன். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி போட்டாலும் கணக்கு ஒண்ணுதான், அதுவும் இனிப்புதான்.

சோறு மூணு கரண்டி போடுவேன், ஒண்ணரை ஆக்கினேன். தட்டுல பாதி காய், கீரை. அவரைக்காய், முருங்கைக்கீரை, பூசணி, புடலை, எது மலிவோ அது. பருப்போ, முட்டையோ, சுண்டலோ தினமும் ஒண்ணு. எண்ணெய் அஞ்சு பேருக்கு மாசம் நாலு லிட்டர் வாங்கினது ரெண்டரை லிட்டர் ஆச்சு. ஊறுகாய், அப்பளம், கருவாடு தினமும் இருந்தது வாரம் ஒரு நாள் ஆச்சு. உப்பு அதுலதான் ஒளிஞ்சிருக்கு. ராகிக் களி நல்லதுதான், ஆனா களின்னு சொல்லி மூணு உருண்டை சாப்பிட்டா எடை குறையாது. கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு பழமொழி சொல்வாங்க. கொள்ளு நல்ல பயறு, வயிறு நிக்கும். மூணு கரண்டி சோத்துக்கு மேல கொள்ளு ரசம் ஊத்திக்கிட்டா கொழுப்பு கரையாது. எந்தப் பண்டத்துக்கும் மந்திரம் கிடையாது. அளவுதான்.

நடக்கிறது பெரிய பாடு. நம்ம ஊருல பொம்பளை கையில குடமோ கூடையோ இல்லாம நடந்தா, "எங்க போற, என்ன விசேஷம்"னு கேட்பாங்க. முதல் வாரம் வெறுங்கையோட ஏரிக்கரைக்குப் போனேன். "வேலை வெட்டி இல்லாதவ"ன்னு காதுல விழுந்துச்சு. குழுக் கூட்டத்துல சொன்னேன். அடுத்த நாள் காலையில அஞ்சரைக்கு நாலு பேர் வந்து நின்னாங்க. தனியாப் போனா கேள்வி கேட்பாங்க, அஞ்சு பேராப் போனா வழி விடுவாங்க. முக்கால் மணி நேரம் நடப்போம். இப்ப ஒன்பது பேர் போறோம்.

14 மாசத்துல 11 கிலோ குறைஞ்சேன். 72 போய் 61. பிரஷர் 128-க்கு 82. இதோட கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அப்புறம்தான் அடுத்த பாடு ஆரம்பிச்சுது.

இளைச்சதும் ஊர் என்ன கேட்டுச்சு தெரியுமா? "என்னடி, சர்க்கரை வந்துடுச்சா?" "வீட்டுல ஏதாவது பிரச்சனையா?" "கன்னம் ஒட்டிப் போச்சே, கழுத்து எலும்பு தெரியுதே, மாமியா சோறு போடலையா?" டிரம்முன்னு சொன்ன அதே வாய்தான் சீக்குன்னு சொல்லுச்சு. இதுல ரொம்ப அடிபட்டது எங்க அத்தைதான். ஒரு நாள் தட்டைப் போட்டுட்டு, "ஊரு என் மூஞ்சியிலதான் துப்புது, நீ ரெண்டு கரண்டி சேர்த்துச் சாப்பிடு"ன்னு அழுதாங்க. நான் அவங்களைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். நர்ஸ் அக்கா என் பழைய பிரஷர் சீட்டையும் புதுசையும் பக்கத்துல வெச்சுக் காட்டினாங்க. அத்தைக்குப் படிக்கத் தெரியாது, எண் தெரியும். 150, 128. அன்னையில இருந்து யாராவது கேட்டா அவங்களே பதில் சொல்லிடுறாங்க. "என் மருமவ பிரஷரைக் குறைச்சிருக்கா, உனக்கு எவ்வளவு இருக்குன்னு பார்த்தியா?"

வீட்டுக்காரர்கிட்ட, "எனக்கு ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"ன்னு கேட்டேன். "பேச்சு மட்டும் குறையல"ன்னார்.

ஆனா ஊர் பேச்சு வெளியில. எனக்கு உள்ளுக்குள்ள ஒண்ணு இருந்துச்சு. அதைத்தான் உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன். எடை குறைஞ்சா பழைய உடம்பு திரும்பி வந்துடும்னு மனசு நம்பிக்கிட்டு இருந்துச்சு. வரல. வயித்துத் தோல் சுருக்குப் பை மாதிரி தொங்குச்சு. வெள்ளை வெள்ளையா வரி. சின்னவனை ஆபரேஷன்ல எடுத்த தழும்புக்கு மேல ஒரு மடிப்பு. பால் குடுத்த மார்பு தளர்ந்துதான் இருக்கு. கை சதை ஆடுது. குண்டா இருக்கும்போது தெரியாதது எல்லாம் இளைச்சதும் தெரிஞ்சுது. இதுக்கா இவ்வளவு பாடுபட்டோம்னு குளிக்கும்போது தோணும். கடைசி ஏழு மாசமா எடை 61-லயே நிக்குது. அஞ்சடி உயரத்துக்கு 53 கிலோவுக்குள்ள இருந்தா நல்லதுன்னு கணக்கு சொல்லுது. அந்த எட்டுக் கிலோ என்னை விட்டுப் போக மாட்டேங்குது.

இந்த மனசு எப்படித் தெளிஞ்சுதுன்னா, தையல் மெஷின்தான் சொல்லிக் குடுத்துச்சு. ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்க வர்ற பொம்பளைங்களைப் பார்த்திருக்கேன். டேப்பைச் சுத்தினதும் மூச்சை உள்ள இழுத்து வயித்தை ஒட்டிக்குவாங்க. ஒல்லியா இருக்கிறவங்களும் இழுப்பாங்க, தடிச்சவங்களும் இழுப்பாங்க. "கொஞ்சம் போட்டுட்டேன் அக்கா"ன்னு ஒருத்தி, "ஒண்ணுமே இல்ல எனக்கு"ன்னு இன்னொருத்தி. என்கிட்ட அளவு குடுத்த யாருமே தன் உடம்பைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொன்னது இல்ல. நான் எல்லார்கிட்டயும், "மூச்சை விடுங்க அக்கா, இழுத்துப் பிடிச்ச அளவுக்குத் தைச்சா நாளைக்கு நீங்கதான் மூச்சு முட்டணும்"னு சொல்வேன். இருக்கிற உடம்புக்குத்தான் துணி தைக்க முடியும். ஊருக்கெல்லாம் சொல்ற அதை ஒரு நாள் என் இடுப்புல டேப்பைச் சுத்திக்கிட்டு எனக்கே சொல்லிக்கிட்டேன். பொம்பளைங்களுக்கு 80 செ.மீ., அதாவது முப்பத்தொண்ணரை இஞ்ச் இடுப்புக்குள்ள இருந்தா நல்லதுன்னு டாக்டருங்க சொல்வாங்க. எனக்கு 38 இருந்தது 34 ஆகியிருக்கு. இன்னும் ரெண்டரை இஞ்ச் பாக்கி. குறைஞ்சா சரி. குறையலைன்னாலும் நடையும் மாத்திரையும் நிக்காது.

கல்யாண ஜாக்கெட் ஒண்ணு டிரங்குப் பெட்டியில பதிமூணு வருஷமா இருந்துச்சு, என்னைக்காவது போடணும்னு. அதைப் பிரிச்சு, சரிகைக் கரையை எடுத்து என் பொண்ணு பாவாடைக்கு வெச்சுத் தைச்சுட்டேன். 44 கிலோ பொண்ணு ஒருத்தி இருந்தா, அவ நல்லா இருந்தா. ரெண்டு பிள்ளை பெத்த இவ வேற ஆள். இவளுக்கு இவ அளவுல ஜாக்கெட்.

பொண்ணுன்னு சொன்னதும் முக்கியமான ஒண்ணு. போன வருஷம் என் பொண்ணு காலையில சாப்பிடாம பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சா. தம்பி சின்ன வகுப்பு, அவனுக்குப் பள்ளியிலேயே காலைச் சாப்பாடு கிடைக்குது. இவளுக்கு இல்ல. மதியம் வரைக்கும் வெறும் வயிறு. கேட்டா, "வகுப்புல என்னைக் குண்டுன்னு சொல்றாங்கம்மா, நானும் உன்னை மாதிரி குறையணும்"னு சொன்னா. 12 வயசு! எனக்கு 150 பிரஷர் வந்தப்ப வந்த நடுக்கம் அப்ப மறுபடி வந்துச்சு.

அவளை உட்கார வெச்சுச் சொன்னேன். "நான் பட்டினி கிடக்கல பாப்பா, மூணு வேளையும் சாப்பிட்டேன். நான் குறைச்சது ரத்தக் கொதிப்புக்கு. நீ வளர்ற பிள்ளை. எலும்பு வளரணும், ரத்தம் ஊறணும், வயசுக்கு வரணும். உனக்கு இட்லி வேணும், முட்டை வேணும், ஓடி விளையாடணும்." அவ என் வயித்து வரியைக் காட்டி, "இது அசிங்கமா இருக்குன்னு உனக்கு இல்லையா?"ன்னு கேட்டா. "இந்த வரி நீ, இந்தத் தையல் உன் தம்பி. ரெண்டு பேரையும் அசிங்கம்னு சொல்லவா?"ன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "தம்பிதான் அசிங்கம்"னு சொல்லிட்டு ஓடிட்டா. மறுநாள் ரெண்டு தோசை சாப்பிட்டா.

அக்கா தங்கச்சிங்களே, 2019-21-ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுப்படி நம்ம தமிழ்நாட்டுல 15-ல இருந்து 49 வயசுப் பொம்பளைங்கள்ல நூத்துக்கு 40 பேர் அதிக எடை. அதே வயசுல நூத்துக்கு 53 பேருக்கு ரத்த சோகை. ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. குண்டா இருக்கிறவளுக்கும் ரத்தம் இல்லாம இருக்கலாம். ஒல்லியா இருக்கிறவளுக்கும் பிரஷர் இருக்கலாம். பார்வைக்கு எதுவும் தெரியாது. அதனால ஒருத்தி உடம்பைப் பார்த்துப் பேர் வெக்கிறதை விட்டுட்டு, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்ப் பார்க்கலாம். இன்னொண்ணும் மறந்துடாதீங்க. எந்த முயற்சியும் எடுக்காம அஞ்சாறு மாசத்துல மூணு நாலு கிலோ தானா இறங்கினா சந்தோஷப்படாதீங்க. சர்க்கரை, தைராய்டு, காசநோய் எதுவா வேணும்னாலும் இருக்கலாம். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளி பரிசோதனை பண்ணணும். அரசு ஆஸ்பத்திரியில காசு இல்லாமப் பார்க்கிறாங்க.

எங்க குழுவுல நடந்த ஒண்ணையும் சொல்லிடுறேன். ஒரு கம்பெனி பவுடர், பேர் வேணாம். மாசம் பத்துக் கிலோ குறையும்னு ஒருத்தர் டப்பாவைத் தூக்கிட்டு வந்தார். ஒரு உறுப்பினர் அதுக்கு 6,000 ரூபாய் உள்கடன் கேட்டாங்க. குழந்தைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்தவங்க. பால் குடுக்கிற அம்மாவுக்குக் கூடுதலாச் சாப்பாடு வேணும், அந்த நேரத்துல சாப்பாட்டை விட்டுட்டுப் பவுடர் கரைச்சுக் குடிக்கலாமான்னு பேச்சு வந்துச்சு. ஒரு மணி நேரம் பேசினோம். அவங்களைக் கேலி பண்ணல. எல்லாரும் சேர்ந்து, "இதுக்குக் கடன் இல்ல, நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு எங்களோட நடக்க வாங்க"ன்னு சொன்னோம். தீர்மானப் புத்தகத்துல எழுதிக் கையெழுத்தும் போட்டோம். இப்ப அந்த ஒன்பது பேர்ல அவங்களும் ஒருத்தர்.

கூட்டமைப்புகிட்ட நான் கேட்கிறது நாலே நாலு. ஒண்ணு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை குழுக் கூட்டத்துலயே எல்லாருக்கும் பிரஷர், சர்க்கரை பார்க்க ஏற்பாடு பண்ணுங்க. சேமிப்புப் பாஸ் புத்தகம் மாதிரி அதுக்கும் ஒரு பக்கம் இருக்கட்டும். ரெண்டு, கூட்டத்துக்கு மிக்சர், வடைக்குப் பதிலா சுண்டல் வெப்போம். மூணு, எடை குறைக்கிற பவுடர், மாத்திரைக்கு எந்தக் குழுவும் உள்கடன் குடுக்க வேண்டாம். நாலாவது காசு செலவு இல்லாதது. நம்ம பாயில உட்கார்ற யாரையும் குண்டச்சின்னும் ஒல்லிக்குச்சின்னும் கூப்பிடக் கூடாது. பெத்த பிள்ளைங்க வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருக்கு.

எடை மெஷின் எடையை மட்டும்தான் சொல்லும். தரையில உட்கார்ந்து கோலம் போட்டுட்டு எதையும் பிடிக்காம நான் எழுந்திருக்கிறதை அது சொல்லாது. மூச்சு வாங்காம ரெண்டு குடம் தூக்கிட்டு வர்றதைச் சொல்லாது. 61 கிலோவோட, தொங்குற வயித்தோட, 128 பிரஷரோட நான் நல்லா இருக்கேன். நீங்களும் நல்லா இருக்கணும். சாப்பாடு ஆறிடப் போகுது, என் பேச்சை முடிச்சுக்கிறேன்.